இரண்டாம் மணி நேரத்துச் சர்க்கரை



மருத்துவப் பொருள் ஒன்றை மருத்துவர் அல்லாதவர்களுக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் விதி. சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். அது கடல். அதில் ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்கும் பரிசோதனை. லேபில் ஜி.டி.டி. என்பார்கள். பாடநூலில் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு அந்தத் திகட்டும் தண்ணீர் நினைவிருக்கும். ஆண்களில் பெரும்பாலோர் அதைச் செய்துகொண்டதே இல்லை. சர்க்கரை நோய் வருமுன் அதைக் கண்டுபிடிக்க நம் கையில் இருக்கும் வழிகளில் இதைப்போல் நுணுக்கமானது வேறில்லை என்பதும், அதை நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காலையில் சாப்பிடாமல் பார்த்தால் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 90 முதல் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பிலுள்ள அத்தனை ரத்தத்திலும் சேர்த்து ஐந்து கிராம்தான். ஒரு டீஸ்பூன். சோதனையில் நாம் குடிக்கக் கொடுப்பதோ 75 கிராம். ரத்தத்தில் உள்ளதைப்போலப் பதினைந்து மடங்கு ஐந்து நிமிடத்துக்குள் வயிற்றில் இறங்குகிறது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கழித்து அளவு 140க்குக் கீழே வந்திருக்கும். பலருக்கு 100ஐ ஒட்டியே நின்றிருக்கும். இத்தனை ஆண்டு இந்தத் துறையில் இருந்தும் இதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது எப்படி நடக்கிறது? குளுக்கோஸ் சிறுகுடலைத் தொட்டதுமே குடற்சுவர் ஜி.எல்.பி.-1, ஜி.ஐ.பி. என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை கணையத்தை உசுப்புகின்றன. அதே அளவு குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றும்போது சுரப்பதைவிட, வாயால் குடிக்கும்போது இன்சுலின் அதிகம் சுரப்பதற்கு இதுதான் காரணம். கணையத்தின் பீட்டா செல்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்த இன்சுலினை முதல் அரை மணி நேரத்துக்குள் வேகமாக வெளியே தள்ளுகின்றன. இரவெல்லாம் ரத்தத்துக்குள் குளுக்கோஸ் விட்டுக்கொண்டிருந்த கல்லீரல், இந்த முதல் வீச்சு வந்து சேர்ந்ததும் தன் வேலையை நிறுத்துகிறது. அடுத்து தசைகள் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

பழுது முதலில் விழுவது இந்த வேகத்தில். முதல் அரை மணி நேரத்து வீச்சு மெல்லக் குறையும். தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்கத் தயங்கும். குளுக்கோஸ் 160, 180 என்று ஏறி, இறங்க மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் இரவு முழுவதும் அவகாசம் இருப்பதால் விடிவதற்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவர் காலையில் லேபுக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் 96 என்று வரும். கோடையில் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு அதன் பலத்தைச் சொல்ல முடியாது, ஐப்பசி மழையில்தான் தெரியும். 75 கிராம் குளுக்கோஸ் நாமே வரவழைக்கும் ஐப்பசி மழை.

பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் என்று பெயர் சூட்டப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் வேலைத்திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருந்தது. அந்தப் பாதி ஒரே இரவில் போவதில்லை. பல ஆண்டுகளாகச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி நேரங்களில், யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்காத நேரங்களில் போகிறது.

என்னிடம் வருபவர்களில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் ஒருவரைச் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயது. உட்கார்ந்த வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை. முழு உடல் பரிசோதனை அறிக்கையை மடித்து சட்டைப்பையில் வைத்திருப்பார். "பாஸ்டிங் நூத்தி நாலுதான் சார். பார்டர்ல இருக்கு, இனிப்பைக் குறைங்கன்னாங்க. காப்பிக்குச் சர்க்கரை போடறதை நிறுத்திட்டேன்" என்பார். ஜி.டி.டி. செய்யச் சொன்னால் முகம் மாறும். இரண்டு மணி நேரம் லேபில் உட்கார வேண்டும், அரை நாள் லீவு போகும். ஒப்புக்கொண்டு செய்தவர்களில் சிலருக்கு இரண்டாம் மணி நேரத்து அளவு 130 என்று வந்து இருவரும் நிம்மதியடைந்திருக்கிறோம். சிலருக்கு 188. சிலருக்கு 200ஐத் தாண்டி, அதாவது நோயே வந்துவிட்டிருந்தது. மூன்று தரப்பினருக்கும் வெறும் வயிற்று அளவு ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்லி அனுப்பியிருப்போம்.

அளவுகளை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பல எண்கள் உலவுகின்றன. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சர்க்கரை நோய். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குதல் போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்துகொண்ட பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். இரண்டாம் மணி நேரத்தில் 140 முதல் 199 வரை இருந்தால் தாங்குதிறன் குறைந்த நிலை. வெறும் வயிற்று அளவில் இடைப்பட்ட நிலை எங்கே தொடங்குகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 110 என்கிறது.

இந்த எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் இறுதி வரை அமெரிக்காவில் 100 கிராம் கொடுத்தார்கள், பிரிட்டனில் 50 கிராம். ஒரு ஊரில் நோயாளியாக இருந்தவர் கப்பலேறிப் போனால் ஆரோக்கியமானவர் ஆகிவிடும் நிலை. 1979இல் அமெரிக்காவின் நிபுணர் குழுவும், 1980இல் உலக சுகாதார நிறுவனமும் 75 கிராம் என்று வகுத்தன. நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே தாங்குதிறன் குறைந்த நிலை என்ற ஒரு வகையைப் பிரித்து வைத்ததும் அப்போதுதான். என் பார்வையில் 75 கிராமைவிடப் பெரிய காரியம் அந்தப் பிரிவினை. ஒருவரை நோயாளி என்று சொல்லாமலே, இவரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல மருத்துவத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. தடுப்பு ஆய்வுகள் எல்லாம் அந்த இடத்தில் நின்றுதான் நடந்தன.

முதல் பெரிய ஆய்வு சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கியது. 33 மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் சோதித்து, தாங்குதிறன் குறைந்த 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். உணவு, உடற்பயிற்சி இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ மாற்றிக்கொண்ட குழுக்களில் ஆறாண்டில் சர்க்கரை நோய் வந்தவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். 2001இல் பின்லாந்திலிருந்தும் 2002இல் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆய்வுகள் ஆபத்து 58 விழுக்காடு குறைந்ததாகக் கூறின.

நமக்கு நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. 531 பேர். ஒரு முறைக்கு இரு முறை ஜி.டி.டி. செய்து, இரண்டு முறையும் தாங்குதிறன் குறைவு என்று உறுதியானவர்களை மட்டுமே சேர்த்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றே ஆண்டில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வில் அதே போன்ற குழுவில் மூன்றாண்டில் வந்தது ஏறத்தாழ 29 விழுக்காடுதான். நம்மவர்கள் எவ்வளவு வேகமாக எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே பலன்.

இந்த ஆய்வில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சராசரியாக எடை குறையவில்லை. ஆனாலும் ஆபத்து குறைந்தது. "மூணு மாசமா நடக்கறேன், ஒரு கிலோகூட இறங்கல, எதுக்கு நடக்கணும்" என்று மனம் சோர்ந்து கேட்பவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வது. தராசு முள் நகராவிட்டாலும் தசை மறுபடி இன்சுலினுக்குச் செவிசாய்க்கத் தொடங்கியிருக்கலாம்.

ஏன் நமக்கு இந்த வேகம்? 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரிகிற தெற்காசிய உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் பெரும்பாலும் வயிற்றுக்குள் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் காட்டிவிட்டது. குளுக்கோஸை இழுத்துக்கொள்ள வேண்டிய தசை குறைவாக இருந்தால் முதலில் தடுமாறப்போவது சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுதான். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்ப்பது நம் மக்களுக்குப் பொருந்தாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சென்னைக்கு இதில் நீண்ட தொடர்பு இருக்கிறது. 1948இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை நோய் உள்ள குடும்பங்களில் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்கு வருகிறது என்று அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். மருத்துவர் வி. மோகன் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் ஊர் ஊராகப் போய் வாய்வழிக் குளுக்கோஸ் கொடுத்தே சோதித்தார்கள். அதனால்தான் அந்த இரண்டாவது எண் வெளியே வந்தது.

இனி, பரிசோதனை நடக்கும் விதம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். நல்ல பரிசோதனை ஒன்று கவனக்குறைவால் கெட்டுப்போவதைப் பார்ப்பது எனக்கு வருத்தம் தரும் காட்சி.

முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது உடம்பில் சேர வேண்டும். பேலியோ உணவுமுறையில் இருப்பவர் திடீரென்று வந்து 75 கிராம் குளுக்கோஸைக் குடித்தால், மாவுச்சத்துக்குப் பழக்கம் விட்டுப்போன உடம்பு தடுமாறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். சோதனைக்கு முந்தைய இரவு சாப்பாட்டை முடித்து எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். காப்பி கூடாது, சர்க்கரை போடாத காப்பியும் கூடாது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் பிறகு வரலாம். எடை குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸின் எடை. நீர் சேர்ந்த குளுக்கோஸ் என்றால் 82.5 கிராம் போட வேண்டும். அதை 250 முதல் 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். நேரக் கணக்கு முதல் வாய் குடிக்கும்போதே தொடங்குகிறது. டம்ளரைக் கீழே வைத்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பீடி, சிகரெட் ஆகாது. நான் பார்த்ததில் அதிகம் மீறப்படுவது உட்கார்ந்திருக்கும் விதிதான். குளுக்கோஸைக் குடித்துவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்துபோய் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். தசை வேலை செய்தால் அளவு இறங்கும், 150 வர வேண்டியவருக்கு 132 வரும். அவரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்.

எடுத்த ரத்தத்திலும் ஒரு சிக்கல். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடிருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஃபுளோரைடு உப்பு வைத்திருக்கிறார்கள். அந்த உப்பும் முழு வேகத்தில் வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரத்தம் எடுத்ததும் குழாயை ஐஸ் தண்ணீரில் வைத்து, சீக்கிரமாகப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டால் அளவு சரியாக இருக்கும். சேகரிப்பு மையத்தில் எடுத்த குழாய்கள் மே மாத மதியத்தில் பைக்கில் ஊர் சுற்றி நகரத்து லேபுக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதைப் பெரிய செலவில்லாமலே சரிசெய்யலாம். ஒரு தெர்மகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் போதும்.

குளுக்கோஸ் இல்லாமல் காலைச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் அளவு, பி.பி. என்று சொல்வது, ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயன்படும். நோய் உண்டா இல்லையா என்று பார்க்க அது உதவாது. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார், இன்னொருவர் பூரிக் கிழங்கு. சோதனை நாள் என்பதாலேயே அரை வயிறு சாப்பிடுபவர்கள் ஏராளம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. வசதியானது. எந்த நேரத்திலும் எடுக்கலாம், பட்டினி வேண்டாம், திகட்டும் தண்ணீர் வேண்டாம். 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோய், 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் நோயை உறுதிசெய்ய இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சோதனை சிவப்பணுக்களின் ஆயுளை நம்பி நிற்பது. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகையில் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்களில் குறைத்துக் காட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அப்படிப்பட்ட மாநிலத்தில் அந்த ஒரு சோதனையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

ஜி.டி.டி.க்கும் குறை உண்டு. இன்று 150 வந்தவருக்கு அடுத்த வாரம் 135 வரலாம். இராமச்சந்திரன் குழுவினர் இரு முறை சோதித்தது இதற்காகத்தான். இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்பது கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி. 2024இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு முதல் மணி நேரத்து அளவையே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. 155 இருந்தால் முந்தைய நிலை, 209 இருந்தால் நோய். காத்திருப்பு பாதியாகும். ஆபத்தையும் இன்னும் முன்கூட்டியே காட்டும். நம் அரசுத் திட்டங்கள் இதைக் கவனமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. யாருக்குச் செய்வது? சென்னையில் நடந்த ஆய்வின் அடிப்படையில் 2005இல் மோகன் குழுவினர் ஓர் இந்திய ஆபத்து மதிப்பெண்ணை உருவாக்கினார்கள். ரத்தமே வேண்டாம், ஓர் இஞ்ச் டேப் போதும். 35 வயதானால் 20, ஐம்பதைத் தாண்டினால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, பெண்ணுக்கு 90, ஆணுக்கு 100 என்றானால் 20. உடலுழைப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 வந்தால் ஆபத்து அதிகம். இந்த அரங்கில் இருப்பவர்கள் இப்போதே மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்தே தெரியும் அடையாளம் ஒன்றும் உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணியைப்போல் ஆகும். சுற்றிலும் சின்னச் சின்ன மருக்கள் தொங்கும். இன்சுலின் மிகையாகச் சுரந்துகொண்டிருப்பதற்கு அது அடையாளம், அதாவது கணையம் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் இதைப் பார்க்கிறேன். தாய்மார்கள் அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். பிள்ளை வலியில் அழுகிறது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகக் கர்ப்பிணிகள். என் பேச்சில் எனக்கு முக்கியமான பகுதி இது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. தாயின் கணையம் கூடுதலாக உழைத்து அதை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. 1964இல் பாஸ்டனில் ஜான் ஓ'சல்லிவனும் கிளேர் மகானும் 752 கர்ப்பிணிகளின் அளவுகளை வைத்து முதல் அளவுகோலை வகுத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி தாயைப் பற்றியது: இந்தப் பெண்களில் யாருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும்? குழந்தையின் எடை, பிரசவச் சிக்கல் ஆகியவை பின்னால் மையத்துக்கு வந்தன. 2008இல் ஒன்பது நாடுகளில் நடந்த ஹாப்போ ஆய்வு, தாயின் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போதே குழந்தைக்கான ஆபத்தும் ஏறுகிறது என்று நிறுவியது. குழந்தையைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பிரசவம் முடிந்ததும் தாயைப் பற்றிய அந்த முதல் கேள்வி மறந்துபோனது.

தமிழ்நாடு இதில் இந்தியாவுக்கு முன்னோடி. மருத்துவர் வீ. சேஷையாவின் விடாமுயற்சியால் 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று மாநில அரசு முடிவெடுத்தது. அவர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அவர் வகுத்த முறையில் பட்டினி வேண்டாம். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொன்னால் அவள் மறுபடி வரமாட்டாள் என்பது அவர் வாதம். பட்டினியோடு செய்யும் சோதனையோடு ஒப்பிட்டால் இந்த முறை பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரு தரப்பையும் நான் மதிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், நடக்காத துல்லியமான சோதனையைவிட நடக்கும் எளிய சோதனை மேல் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெஞ்சில் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் எவர்சில்வர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். "ஒரே மடக்குல குடிக்காத கண்ணு, குமட்டும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள மெதுவா குடி" என்று சிஸ்டர் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொருவர் அட்டையிலும் குடித்த நேரத்தை எழுதுவார். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் வரச் சொல்வார். அதற்குப் பிறகு எடுத்தால் சோதனையைத் தொடர்வார். பெரிய ஆஸ்பத்திரிகளின் லேப்களில்கூட இத்தனை கவனத்தை நான் எப்போதும் பார்ப்பதில்லை.

இப்படிக் கண்டுபிடித்த பெண்ணுக்கு உணவு சொல்லி, தேவைப்பட்டால் இன்சுலின் போட்டு, நல்லபடியாகப் பிரசவம் பார்த்து அனுப்புகிறோம். சர்க்கரை இறங்கிவிடுகிறது. அவளும் மறந்துவிடுகிறாள், நாமும் மறந்துவிடுகிறோம். 2009இல் லான்செட்டில் வெளியான தொகுப்பாய்வின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏழு மடங்கு. 2020இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு ஏறத்தாழப் பத்து மடங்கு என்கிறது. பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், அதன் பிறகும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. கைக்குழந்தையோடு, தூக்கமில்லாமல், தாய்வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் இடையில் இருக்கும் பெண் தனக்காக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி வருவது அபூர்வம். பால் கொடுக்கும் பெண்ணைப் பட்டினி போடுவதா என்று வீட்டிலும் விடமாட்டார்கள்.

ஆனால் அதே ஆறாவது வாரத்தில் அவள் எப்படியும் வருகிறாள். குழந்தைக்குப் பெண்டாவேலண்ட் தடுப்பூசியின் முதல் தவணை ஆறாவது வாரம். தமிழ்நாட்டில் அந்த ஊசியைத் தவறவிடும் தாய் குறைவு. அந்த நாளிலேயே அவளுக்கும் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. தாய்-சேய் அட்டையில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று ஏற்கெனவே குறித்திருக்கிறோம். அந்தப் பெயர்களை மட்டும் பிரித்தெடுத்தால் ஒரு சுகாதார நிலையத்துக்கு வாரத்துக்குச் சிலர்தான் இருப்பார்கள். தடுப்பூசி நாளை நினைவூட்டப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களிடம் மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்: காலையில் சாப்பிடாமல் வா, டிபனைக் கட்டிக்கொண்டு வா. வந்ததும் முதல் ஆளாக அவளிடம் ரத்தம் எடுத்துக் குளுக்கோஸ் கொடுத்துவிட்டால், குழந்தைக்கு ஊசி போட்டு, உடனடி ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று அரை மணி நேரம் உட்கார வைத்து, எடை பார்த்து முடிப்பதற்குள் நேரம் பாதி ஓடியிருக்கும். இடையில் அவள் உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். இரண்டாவது ரத்தம் எடுத்தவுடன் டிபனைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இந்த அரங்கில் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருப்பவர்கள் ஒரு வட்டாரத்தில் இதை ஆறு மாதம் செய்துபார்க்க முன்வந்தால், வேண்டிய பயிற்சியைக் கொடுக்க நானும் என் மாணவர்களும் வருகிறோம்.